எட்டு செல், ஒரு மண் சட்டி: நானே கட்டிய கேமரா பேட்டரிக்கு நானே எழுதும் விமர்சனம்

கடையில் வாங்கிய பொருளுக்குத்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போன ஆடியில் நானே கட்டிய வெளி பேட்டரி பேக் ஒன்று, இந்த ஆடியையும் தாண்டி ஆவணி முகூர்த்தங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று மாதம் ஆகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பதின்மூன்று மாதம் போட்டு அடித்துவிட்டு எழுதினால் எப்படி எழுதுவேனோ, அப்படியே இதையும் எழுதுகிறேன். கட்டியவன் நான் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. குறை நிறைய இருக்கிறது.

நான் ஆரணிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத நாளில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா. வெயில் காலம் வந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. கேமரா சோனி எம்.சி.2500, தோளில் வைத்து எடுக்கிறது. மிரர்லெஸ் வைத்திருக்கும் தம்பிகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது விடிகிற வரைக்கும் போகும். அவ்வளவு நேரமும் சூடாகி அணையாமல், நடுவில் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் ஓட எனக்கு இதுதான் வேண்டும்.

போன வருஷம் வைகாசியில் ஒரு ஊரில் அர்ஜுனன் தபசு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அர்ஜுனன் வேஷம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். மேலே போய், கீழே நிற்கிற ஜனங்களுக்கு எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் எறிவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பதினெட்டு நாள் பாரதத்தில் ஊர் மொத்தமும் கூடுகிற நாட்களில் இதுவும் ஒன்று. அவர் மேலே போய் உட்கார்ந்து முதல் பழத்தைக் கையில் எடுக்கிறார், என் கேமரா அணைந்தது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் திரையில் பார்த்தேன், இன்னும் 70 நிமிஷம் ஓடும் என்று காட்டியது. வேறு பேட்டரி மாற்றி, கார்டில் இருந்த கோப்பைச் சரிசெய்யட்டுமா என்று கேமரா கேட்டு, நான் சரி என்று அழுத்தி, மறுபடி சிவப்பு விளக்கு எரிவதற்குள் பாதிப் பழம் எறிந்தாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து டி.வி.டி.யைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெரியவர் கேட்டார்: “என்னப்பா, அர்ஜுனன் ஏறினது இருக்குது, பழம் எறிஞ்சது எங்க?”

அந்த பேட்டரி சோனி ஒரிஜினல் இல்லை, அதே வடிவத்தில் வருகிற டூப்ளிகேட். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பத்துப் பெயரில் ஒரே சரக்குத்தான் வருகிறது. சோனியின் பெரிய எஃப்970 பேட்டரி 7.2 வோல்ட், சுமார் 47 வாட் ஹவர் (உள்ளே எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற அளவு). டூப்ளிகேட்டின் மேல் அதைவிடப் பெரிய எண்ணாக அச்சடித்திருந்தார்கள். செத்துப்போன பிறகு ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். (நீங்கள் திறக்காதீர்கள், உள்ளே குத்திவிட்டால் புகையும்.) ஆறு செல் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. மீதி இடத்தில் பிளாஸ்டிக் துண்டு, எடை தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு இரும்புத் தகடு. பிரியாணியில் எலும்பை அடியில் போட்டு மூடுவதை ஒப்புக்கொள்ளலாம், இது அதற்கும் மேல்.

ஒரிஜினலே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு ஒரிஜினல் வாங்கும் காசு அப்போது கையில் இல்லை. கேமராவோடு 7 இன்ச் மானிட்டரும் போட்டு எடுப்பதால் ஒன்று போதாது. அதுவும் போக, அந்த இரும்புத் தகட்டைப் பார்த்ததிலிருந்து ஒரு பிடிவாதம். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த பேட்டரிதான் இனி கூத்துக்குப் போகும் என்று முடிவுசெய்தேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் செய்ய நினைக்கும் எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். யு.பி.எஸ்.ஸுக்குள் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி, அதோடு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் போர்டு. போர்டில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி 8.4 வோல்ட் வரவைத்தால் கேமராவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிற டி.சி. இன் ஓட்டையில் செருகிவிடலாம். செலவு அறுநூறு ரூபாய். ஓடியது. முன்காலத்தில் வி.ஹெச்.எஸ். கேமராக்களே 12 வோல்ட் லெட் ஆசிட்டில்தான் ஓடின, அப்பா காலத்து ஆட்கள் தோளில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தார்கள். அந்த ஞாபகத்தில் எனக்குப் பெருமை வேறு.

ஆடி முதல் வாரம் ஒரு கூத்துக்கு எடுத்துப் போனேன். மறுநாள் எடிட்டிங்கில் ஹெட்போன் போட்டுக் கேட்டால், பின்னால் ‘ஙீஈஈ’ என்று மெல்லிய கீச்சுச் சத்தம். அரை மணி நேரம் அது முகவீணை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முகவீணைக்காரர் டீ குடிக்கப் போன இடத்திலும் சத்தம் நிற்கவில்லை, அப்போதுதான் விளங்கியது. மைக் செட் மிக்ஸரிலிருந்து ஒயர் போட்டு ஆடியோ எடுக்கும்போது, கன்வெர்ட்டரின் இரைச்சல் அதில் ஏறிவிடுகிறது. ஒயரில் ஃபெரைட் வளையம் போட்டுப் பார்த்தேன், குறைந்ததே தவிரப் போகவில்லை.

சத்தத்தைவிடப் பெரிய பயம் ஒன்றை வேலூர் தம்பி சொன்னான். அவன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்துக் கட்டுகிறவன், அவனைப் பற்றி அப்புறம் வருகிறேன். “அண்ணா, அந்த போர்டு ஷார்ட் ஆகிச் செத்துச்சுன்னா பன்னெண்டு வோல்ட்டும் நேரா கேமராவுக்குத்தான் போவும். ரெண்டு செல்லு கேமராவுக்கு ரெண்டு செல்லே குடுங்களேன்?” என்றான். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்கு எளிது. லித்தியம் அயன் செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், நடுவில் 3.6, காலியாகும்போது 3-க்குப் பக்கம். இரண்டை வரிசையில் கோத்தால் முழுச் சார்ஜில் 8.4. கேமராவின் அடாப்டர் கொடுப்பதும் அதே 8.4. சோனி பேட்டரிக்குள் இருப்பதும் இப்படி இரண்டிரண்டாகக் கோத்த செல்கள்தான், அதனால்தான் அதில் 7.2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஆகவே மாற்றித் தருகிற போர்டே வேண்டாம். நடுவில் எதுவும் இல்லையென்றால் கெட்டுப்போக எதுவும் இல்லை, கீச்சிட எதுவும் இல்லை. என்ன கெட்டாலும் கேமராவுக்கு 8.4-க்கு மேல் போகவே போகாது. எஃப் வகை பேட்டரி மாட்டுகிற மானிட்டரும் இதே வோல்டேஜில் ஓடும். இந்த பேக்கின் பெரிய நல்ல குணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், மற்றதெல்லாம் பிறகு.

நான் கட்டியது எட்டு 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். நாலு நாலாகப் பக்கவாட்டில் சேர்த்து இரண்டு அணி, இரண்டு அணியும் வரிசையில். ஒரு செல் 3,000 எம்.ஏ.ஹெச். என்றால் நாலு சேர்ந்து 12,000, அதாவது 12 ஆம்பியர் ஹவர். அதை 7.2-ஆல் பெருக்கினால் 86 வாட் ஹவருக்குக் கொஞ்சம் மேல்.

செல் வாங்கிய கதை தனி. முதலில் ஆன்லைனில் பத்து செல், 1,400 ரூபாய். நல்ல பிராண்டின் பெயர், ரோஸ் நிற உறை, 3,000 என்ற அச்சு, எல்லாம் கச்சிதம். என் மச்சான் அடகுக் கடை வைத்திருக்கிறான். ஒரு மாலை வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அங்கே கொண்டுபோய், மோதிரமும் மூக்குத்தியும் ஏறுகிற தராசில் ஒரு செல்லை வைத்தேன். 33.8 கிராம். அடுத்தது 34.1. அடுத்தது 33.5. மச்சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இதென்ன மாமா, கவரிங்கா?” என்றான். சரியான வார்த்தைதான். 3,000 எம்.ஏ.ஹெச். தருகிற நிஜ 18650 செல் 45 கிராமைச் சுற்றி இருக்கும். உள்ளே சரக்கு இருந்தால்தானே மின்சாரம் இருக்கும்? டெஸ்டரில் போட்டு முழுசாகச் சார்ஜ் ஏற்றி இறக்கியதில் 1,250-லிருந்து 1,340 வரைதான் வந்தது. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, பாக்கெட் பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம் என்று பதில். பிரிக்காமல் எப்படி எடை பார்ப்பதாம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 18650 அளவில் 5,000, 9,900 என்றெல்லாம் அச்சடித்து விற்கிறார்கள். இன்றைக்கு நல்ல கம்பெனிகளின் செல்களே 3,500 பக்கத்தில் நிற்கின்றன. 9,900 என்று எழுதியிருந்தால் அதை எழுதியவருக்கு வெட்கம் இல்லை என்பது மட்டும் உறுதி.

கடைசியில் நல்ல செல் கிடைத்தது வேலூர் தம்பியிடம்தான். ஸ்கூட்டர் பேக் கட்ட மொத்தமாக வாங்கி வைத்திருந்ததில் சாம்சங் 30க்யூ பத்து கொடுத்தான், ஒன்று 320 ரூபாய். அதையும் விடவில்லை, மச்சான் தராசுக்குப் போனது. 45.7, 45.9, 46.0. டெஸ்டரில் எல்லாம் 2,900-க்கு மேல். எட்டைப் பேக்குக்கு எடுத்துக்கொண்டு இரண்டை டார்ச் லைட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

இந்தத் தம்பியின் சேவைக்கு ஒரு பத்தி எழுதியாக வேண்டும். கடை என்று பெரிதாக இல்லை. ஒரு ஷட்டர், ஒரு மேஜை, பாதி பிரித்த ஸ்கூட்டர் பேட்டரிகள், மூலையில் இரண்டு வாளி மணல். நான் உள்ளே போனதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணா, மோதிரத்தக் கழட்டி பாக்கெட்ல போடுங்க.” செல்லின் இரண்டு முனையையும் மோதிரம் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்றான். பிறகு எட்டு செல்லின் வோல்டேஜையும் மீட்டரில் பார்த்து, எல்லாம் ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும்போது சேர்த்துவிட்டால் ஏறியது இறங்கியதற்குள் சரேலென்று பாயும். ஒவ்வொரு பாசிட்டிவ் தலையிலும் பார்லி பேப்பர் (மின்சாரம் கடத்தாத தடித்த காகிதம்) வளையம் ஒட்டினான். செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். தலையில் இருக்கும் மெல்லிய உறை கிழிந்தால் தகடு இரண்டையும் சேர்த்துவிடும், அதற்குத்தான் இந்த வளையம் என்றான். இரண்டு ரூபாய்ப் பொருள். என் டூப்ளிகேட்டைத் திறந்தபோது அந்த வளையம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போது ஞாபகம் வந்து முதுகு சில்லிட்டது.

செல்களை ஒன்றோடொன்று இணைக்கிற நிக்கல் பட்டை நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் போயிருந்தேன். அதைக் கையில் வாங்கி அரத்தால் ஒரு கீறல் போட்டு, டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டான். “நாளைக்கு வந்து பாருங்க.” மறுநாள் பார்த்தால் கீறலில் துரு. நிக்கல் முலாம் பூசிய இரும்பு அது. சுத்த நிக்கல் துருப்பிடிக்காது. அவனுடைய பட்டையையே போட்டு ஸ்பாட் வெல்டிங் செய்தான். டக், டக் என்று கட்டெறும்பு கடித்த மாதிரி இரண்டிரண்டு புள்ளி. சால்டரிங் அயர்னால் நேராகச் செல்லில் ஒட்டக்கூடாதா என்று கேட்டேன். அவ்வளவு சூடு செல்லுக்கு ஆகாது, இன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆறு மாதத்தில் தெரியும் என்றான். கூலி 400 ரூபாய், பட்டையும் சேர்த்து. பேரம் பேச மனம் வரவில்லை. குறை என்று சொன்னால், சொன்ன தேதிக்குத் தரமாட்டான். வெள்ளி என்றால் அடுத்த புதன். போனையும் எடுக்க மாட்டான்.

மீதி வேலை நான் செய்தது. 2 எஸ் (வரிசையில் இரண்டு செல்லுக்கானது) பி.எம்.எஸ். போர்டு, 180 ரூபாய், ரிச்சி தெரு. செல் அதிகமாகச் சார்ஜ் ஆனாலும், அடிமட்டம் வரை இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் துண்டிக்கிற காவல்காரன். மைனஸ், நடு, பிளஸ் என்று மூன்று ஒயரையும் வரிசை தப்பாமல் பற்றவைத்தேன். மீட்டரை வைத்தால் வெளியே பூஜ்யம். உள்ளே 7.4 இருக்கிறது, வெளியே ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போர்டைத் திட்டிக்கொண்டே பிரித்துப் பிரித்து ஒட்டினேன். தம்பி எடுத்த ஒரே போன் அதுதான்: “சார்ஜர ஒரு வாட்டி சொருவுங்கண்ணா, முழிச்சிக்கும்.” செருகினேன். முழித்துக்கொண்டது. இந்த மாதிரி போர்டுகளில் பல, ஒயர் ஒட்டி முடித்ததும் தூங்கித்தான் கிடக்குமாம். எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பிளஸ் ஒயரில் செல்லுக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கியது. கேமராவுக்குப் போகும் ஒயர், மழையில் நனைந்து செத்துப்போன பழைய அடாப்டரிலிருந்து வெட்டியது. அந்த பிளக் தனியாகக் கிடைப்பது கஷ்டம், எனவே செத்த அடாப்டரைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டிய ஒயரில் எது பிளஸ், எது மைனஸ் என்று நிறத்தை நம்பாமல், ஓடுகிற அடாப்டரின் பிளக்கை மீட்டரால் பார்த்து அதே மாதிரி ஒட்டினேன். இதில் தப்பு நடந்தால் போவது 400 ரூபாய் இல்லை, கேமரா. பெட்டிக்கு எலக்ட்ரிகல் கடையில் விற்கும் பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸ். முதலில் என் பெண்ணின் டிபன் பாக்ஸை எடுத்தேன், அது வேறு பஞ்சாயத்து. மொத்த எடை 560 கிராம். இடுப்பு பெல்ட்டில் ஒரு பை தைத்து அதில் போட்டுக்கொள்கிறேன். ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது ஸ்டாண்டின் கொக்கியில் தொங்கும்.

இனி ஓட்டம். என் மீட்டரில் கேமரா மட்டும் ஓடும்போது ஆறரை வாட் பக்கம் இழுக்கிறது. வீட்டில் சுவர்க் கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொண்டே ஓடவிட்டதில் முதல் தடவை 11 மணி 20 நிமிஷம் போனது. மானிட்டரையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் சொச்சம். கூத்தில் நடுச்சாமம் வரை மானிட்டர் போட்டுக்கொள்வேன், அப்புறம் அணைத்துவிடுவேன். விடியும்போது பெட்டியில் இன்னும் மிச்சம் இருக்கும். போன வாரம் மறுபடி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன், 10 மணி 45 நிமிஷம். பதின்மூன்று மாதத்துக்கு இந்தத் தேய்மானம் பரவாயில்லை.

முகூர்த்தத்தில் இதன் அருமை வேறு மாதிரி. விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்குள் போனால் மேடைப் பக்கம் இருக்கிற பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் லைட்காரர், மைக்செட்காரர், எல்.இ.டி. திரைக்காரர் பிடித்துவைத்திருப்பார்கள். மிச்சம் இருக்கும் ஒன்றில் பெண் வீட்டு அத்தை போன் சார்ஜ் போட்டிருப்பார். இப்போது யாரிடமும் கெஞ்சுவதில்லை. பேட்டரி மாற்ற மேடையை விட்டு இறங்குவதும் இல்லை.

இப்போது குறைகள். டி.சி. இன் வழியாகக் கொடுப்பதால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. நிமிஷக் கணக்கு காட்டாது. காலியானால் சொல்லாமல் கொள்ளாமல் அணையும், நான் எதற்குப் பயந்து இதைக் கட்டினேனோ அதுவே. அதற்கு இரண்டு மருந்து போட்டேன். ஒன்று, கேமராவின் முதுகில் அதோடு வந்த சின்ன எஃப்570 பேட்டரி எப்போதும் மாட்டியே இருக்கும். கூட்டத்தில் யாராவது காலால் ஒயரைத் தட்டிப் பிடுங்கிவிட்டால் கேமரா அதற்கு மாறிக்கொண்டு ஓடுகிறது. வீட்டில் ஐந்து தடவை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தேன். ஆனால் ஒயர் பிடுங்கினால் மாறுகிற அதே கேமரா, வோல்டேஜ் மெதுவாகச் சரிந்து 6.6-க்கு வரும்போது தடுமாறுகிறது. ஒரு தடவை மாறியது, ஒரு தடவை அணைந்தது. அதனால் இரண்டாவது மருந்து: ட்ரோன் ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் குட்டி வோல்டேஜ் அலாரம். இரண்டு அணியின் வோல்டேஜையும் தனித்தனியாகக் காட்டும், நாம் வைத்த அளவுக்குக் கீழே போனால் கத்தும். 3.4-இல் வைத்தேன்.

கத்தும் என்று சொன்னேனே, அது சாதாரணக் கத்தல் இல்லை. ட்ரோன் வானத்தில் இருக்கும்போது கீழே கேட்பதற்காகச் செய்தது. ஒரு சர்ச் கல்யாணத்தில், மணப்பெண் வாக்குறுதி சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. என் இடுப்பிலிருந்து வீல் என்று ஒரு அலறல். ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளையின் பாட்டி சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிரவே பஸ்ஸரின் ஓட்டை மேல் மூன்று சுற்று டேப் ஒட்டினேன். இப்போது இடுப்பில் இருக்கிற எனக்கு மட்டும் கேட்கிறது.

அதே அலாரம் இன்னொரு வேலையும் செய்தது, அது என் தப்பு. மார்கழியில் கல்யாணம் கிடையாது. பேக்கைப் பையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன், அலாரத்தைக் கழற்றாமல். தை பிறந்து எடுத்துப் பார்த்தால் ஒரு அணி 3.71, இன்னொன்று 2.93. அலாரம் தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை ஒரே அணியிலிருந்து மாதம் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நான் வாங்கிய பி.எம்.எஸ். போர்டில் இரண்டு அணியையும் சமப்படுத்துகிற வசதி இல்லை. அப்படியே சார்ஜ் போட்டிருந்தால் ஒன்று முதலில் நிரம்பி போர்டு துண்டித்துவிடும், மற்றது பாதியிலேயே நிற்கும். இறங்கிய அணியை மட்டும் ஒற்றைச் செல் சார்ஜரில் மெதுவாக ஏற்றி இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர ஒன்றரை நாள் ஆனது. பேலன்ஸ் வசதியுள்ள போர்டு இன்னும் நூறு ரூபாய்தான் கூட. அன்றைக்கு ரிச்சி தெருவில் அந்த நூறு ரூபாயைத்தான் மிச்சம் பிடித்தேன்.

சார்ஜிங் மெதுவு. 8.4 வோல்ட் 2 ஆம்பியர் லித்தியம் சார்ஜரில் ஏழு மணி நேரம். அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் இருந்தால் மண்டபத்திலிருந்து வந்ததும் முதல் வேலை அதுதான், குளியல்கூட அப்புறம். ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டர் போட்டால் சீக்கிரம் ஏறாதா என்று ஒரு நண்பர் கேட்டார். செல்லுக்கு 4.5 வோல்ட் போகப் பார்க்கும். நடுவில் அந்த 180 ரூபாய் போர்டு மட்டும்தான் நிற்கும். காவல்காரன் இருக்கிறான் என்பதற்காகத் தினமும் திருடனைக் கூட்டிவரக் கூடாது. நான் சார்ஜ் போடுவது மாடிப்படிக்குக் கீழே சிமெண்ட் தரையில், ஒரு மண் சட்டிக்குள் பேக்கை வைத்து. முழித்திருக்கும்போது மட்டும். மீன் குழம்புச் சட்டி அது. வீட்டில் இன்னும் அதற்குக் கணக்குக் கேட்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் விட்டுவைப்பதும் கிடையாது.

விமானத்துக்கு இது ஆகாது. 100 வாட் ஹவருக்குள் இருக்கும் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்பது பொதுவான விதி, இது 86-தான். ஆனால் ஜங்ஷன் பாக்ஸுக்குள் சிவப்பும் கறுப்புமாக ஒயர், மேலே ஒரு எழுத்தும் இல்லை. எக்ஸ்ரேயில் இதைப் பார்க்கிற அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தமானில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கடன் வாங்கிய ஒரிஜினல்களோடுதான் போனேன்.

செலவு: செல் 3,200, போர்டு 180, வெல்டிங் 400, சார்ஜர் 550, பெட்டி, ஒயர், ஃபியூஸ், செல் ஹோல்டர், அலாரம், வோல்ட் மீட்டர் எல்லாம் சேர்த்து 700. ஆக 5,030. இதோடு ஏமாந்த 1,400, கன்வெர்ட்டர் கூத்து 600, வேலூருக்கும் சென்னைக்கும் பஸ். மலிவு என்று யாராவது சொன்னால் அவர் பஸ் டிக்கெட்டைக் கணக்கில் எழுதவில்லை என்று அர்த்தம்.

உங்கள் கேமரா யு.எஸ்.பி.-சி வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டே ஓடும் என்றால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நல்ல கம்பெனி பி.டி. (பவர் டெலிவரி) பவர் பேங்க் ஒன்று வாங்கி ஒயரைச் செருகிவிட்டுப் போங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாது, ஆனால் செய்து பார்க்க ஆசை என்றாலும் வேண்டாம். என்னை மாதிரி பழைய தோள் கேமரா, ராத்திரி முழுக்க வேலை, ஆடியில் சும்மா இருக்கிற கை, இது மூன்றும் உள்ளவர்களுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். அந்த ஒரு மார்க்கை மார்கழியில் இழந்தேன்.

இந்த வைகாசியில் அதே ஊரில் மறுபடி தபசு. அர்ஜுனன் ஏறினார், எறிந்தார், இறங்கினார், வேஷத்தைக் கலைத்துவிட்டு பீடி பற்றவைத்தது வரைக்கும் என்னிடம் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு பேர், எனக்கும் ஒன்று கட்டிக்கொடு என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் இடுப்பில் இருப்பதற்கு நான் பொறுப்பு, இன்னொருவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ராத்திரி சார்ஜ் ஏறுவதற்கு நான் பொறுப்பாக முடியாது. செல் வாங்கினால் எடை மட்டும் பார்த்துத் தருகிறேன். மச்சான் கடை ஞாயிற்றுக்கிழமை லீவு.